காலேஜ் கெடுத்த புள்ள

அதேதான் அண்ணி, அதேதான். நீங்க சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்லீங்க. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க காலேஜு? கல்யாணம் ஆனதும் நிறுத்திப்புடலாம்னு சொன்னீங்க பாருங்க, எங்க வூட்டுக்காரருக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. கேசரி எடுத்துக்கங்க. ஆம்பளைங்க கெணறு பாத்துட்டு வர நேரமாவும். மாந்தோப்பு, போரு, சொட்டுநீர்க் குழாய் எல்லாத்தையும் காட்டித்தான் அவரு வுடுவாரு.

சுசித்ராவா? உள்ள சீல கட்டிக்கிட்டிருக்குது, வரும். அதுக்குள்ள நாம மனசு வுட்டுப் பேசிக்கலாம். உங்க வூட்டுக்கு மருமவளா வரப்போற புள்ள, ஒளிச்சு மறைச்சு என்னா ஆவப்போவுது?

தருமபுரிக்குத்தான் அண்ணி போவுது, பி.எஸ்ஸி ரெண்டாவது வருசம். கடத்தூர்ல பஸ் ஏறுனா பொழுது சாஞ்சுதான் வூடு. பன்னண்டாவது வரைக்கும் தங்கம்ங்க. கோழிய வெரட்டக்கூட வாய் தொறக்காது. காலேஜுல என்னாத்தக் கரைச்சு ஊத்துனாங்களோ, போங்க.

அப்புடியா? உங்க அக்கா மவன் பி.இ. முடிச்சிட்டுக் கோழிப்பண்ணைக்குத் தீனி வண்டி ஓட்டறானா? பரவால்லீங்க, ஆம்பள, பொழச்சுக்குவான். பொம்பளப் புள்ளைங்க கததான் மோசம். படிச்சா வேல வருதோ இல்லியோ, கேள்வி வந்துடுது.

ஒரு நாளு இது சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போச்சுங்க. நாங்கெல்லாம் ஊத்துவோம், சொசைட்டிக்காரரு ஒரு அளவு சொல்லுவாரு, வந்துருவோம். இது, பாலுக்குக் கொழுப்பு எவ்ளோன்னு மெசின்ல எங்கண்ணுக்குக் காட்டுங்கன்னு நின்னுடுச்சு. பாலுக்கு இல்ல, உனக்குத்தான் கொழுப்புன்னாரு அந்த மனுசன். நீங்க சிரிக்கறீங்க! அன்னையிலருந்து மெசின் சனத்தப் பாத்துத் திரும்பி நிக்குது.

அதோட வுட்டுச்சா? கிராம சபையில மைக்கப் புடுங்கி, தண்ணி டேங்க் எப்பக் கழுவுனீங்கன்னு கேட்டுச்சு. கழுவியாச்சும்மா, கழுவியாச்சும்மான்றாரு தலைவரு. அப்ப ஏறிப் பாத்துரலாமான்னு துப்பட்டாவ இடுப்புல இழுத்துக் கட்டிக்கிட்டு ஏணிகிட்டப் போயி நின்னுக்கிச்சு. மறுநாளே கழுவுனாங்க. இப்பல்லாம் கிராம சபைன்னாலே தலைவருக்கு வேத்து ஊத்துதாம்.

அது ஊர் வம்பு, வூட்டுக்குள்ள அடங்கி இருந்தாப் போதும்ன்றீங்க. அங்கதான் அண்ணி சிக்கலே. ஒரு நாளு எங்க வூட்டுக்காரரு கொழம்புல உப்பில்லன்னு தட்ட வீசுனாரு. வழக்கந்தான், நான் பொறுக்கிப் போட்டுட்டு வேற சோறு வெப்பேன். இவ எங்கையப் புடிச்சு ஒக்கார வெச்சிட்டா. உப்பு டப்பாவக் கொண்டாந்து அப்பன் முன்னால வெச்சா, தொடப்பத்தையும் பக்கத்துலயே சாத்தி வெச்சா. இன்னைக்கு அந்த மனுசன் தானே போட்டுத் தின்னுட்டுத் தட்டையும் கழுவி வெக்கறாரு. உங்க மவன் சின்னராஜ் எப்புடிங்க, தட்டு கழுவுவாரா? தண்ணிகூட மோந்து குடிக்க மாட்டாரா? ஐயோ, பாவம்ங்க.

மிச்சர் எடுத்துக்கங்க. ஏன் தம்ளர அப்புடியே வெச்சிட்டீங்க?

ஆங், ஒண்ணு கேட்டு வெக்கச் சொன்னா. அரூர்ல உங்க காடு யாரு பேர்ல இருக்குது? மாமனாரு பேர்லயா? கல்யாணம் ஆன கையோட அளந்து பிரிச்சுக்கலாமான்னு கேக்கறா. மாமியா பேர்லயும் ஒரு பங்கு எழுதணுமாம். பாருங்க, இப்பவே உங்க மேல எவ்ளோ பாசம்!

ஏன் எந்திரிச்சிட்டீங்க? புள்ளயப் பாக்கவே இல்லியே. தலவலியா? வெயிலு அப்புடி அடிக்குது. உங்க வூட்டு ஆம்பளைங்கள நேரா ரோட்டுக்கு வரச்சொல்லிப் போன் பண்ணிக்கறீங்களா? சரிங்க. ஊருக்குப் போயித் தகவல் சொல்லி அனுப்புங்க, அவசரமே இல்ல. பாத்து எறங்குங்க, படி ஒசரம்.

…

போயிட்டாங்க. வெளிய வாடி, சுசித்ரா.

என்னா முறைக்கற? எனக்குத் தெரியாதா? அந்த சொசைட்டிக்காரர நீ நிமுந்துகூடப் பாத்ததில்ல. டேங்க் ஏணியத் தொட்டதில்ல. உங்கப்பன் தட்டு கழுவற ஆளா? காலையிலகூட வீசுனாரு, நாந்தான் பொறுக்குனேன். அவரு வந்து கேட்டா, அவங்களுக்குத்தான் புடிக்கலையாம்னு சொல்லிக்கலாம். சீலய அவுத்து வெச்சிட்டுப் போயிப் படி.

இந்தக் கதையெல்லாம் எங்கருந்து புடிச்சேனா? பத்தாவது முடிச்ச வருசம் என்னையும் இப்புடித்தாண்டி சீலயச் சுத்தி நிக்க வெச்சாங்க. குறுக்க வந்து பேச எனக்கு ஒருத்தரும் இல்ல. நானும் காலேஜுக்குப் போயிருந்தா என்னென்ன பண்ணியிருப்பேன்னு மாடு கறக்கறப்பல்லாம் நெனச்சுக்குவேன். அதையெல்லாம்தான் ஒம் பேரப் போட்டுச் சொன்னேன். சொல்லச் சொல்ல நல்லாத்தாண்டி இருந்துச்சு.