கேட்போர் சார்பில் பாட்டுப்பெட்டிக்கு வாழ்த்துரை

அவைத்தலைமை ஏற்றிருக்கும் பெருந்தகை, பதுளைக் கடைத்தெருவின் மூத்த வணிகர் மயில்வாகனம் அவர்களே! மன்றத்தின் செயலாளர், கண்டிப்பில் குன்றாத செல்வநாயகம் அவர்களே! முன்வரிசை நாற்காலிகளில் வீற்றிருக்கும் சான்றோர்களே! நடுவே பாயில் அமர்ந்திருக்கும் நண்பர்களே! ஹாலிஎலையிலிருந்து வண்டியேறியும், நமுனுகுலப் பனியில் நனைந்தும், மடுல்சீமை மலையிறங்கியும் வந்து, உள்ளே இடமிருந்தும் வெளித் தாழ்வாரத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் தோட்டத்துப் பெரியோர்களே! அவர்களுக்கும் பின்னே, நிற்கவும் இடமின்றிப் படிக்கட்டில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! இத்தனை பேருக்கும் மேலாக, இதோ இந்த மேசைமேல், மாலை சூடி, மஞ்சள் பூசி, ஊமத்தம்பூவைப் போல வாய் விரித்து அமர்ந்திருக்கும் பாட்டுப்பெட்டியே! அனைவருக்கும் என் வணக்கம்.

பெட்டிக்கு வணக்கம் சொன்னதும் சிரிக்கிறீர்கள். ஏன் சிரிக்க வேண்டும்? மாலை போட்டது நீங்கள். வணக்கம் மட்டும் நான் சொல்லக் கூடாதா?

இன்றைய விழாவுக்கான அறிவிப்பில் என் பெயருக்கு எதிரே ‘கேட்போர் சார்பில் வாழ்த்துரை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். என் இரு கண்களிலும் புரை படர்ந்த நாள்முதல் நான் ஒரு நூலையும் கையில் எடுத்துப் படித்ததில்லை. செவியே என் விழி, செவியே என் நூலகம், செவியே என் ஆசான். இந்த ஊரில் யார் வாய் திறந்து எதை வாசித்தாலும் அங்கே நான் இருந்திருக்கிறேன். ஆகவே கேட்பவன் என்ற தகுதியில் இந்த ஊரின் வாசிப்பாளர் சிலரை எடை போட்டுவிட்டுப் பெட்டிக்கு வருகிறேன். பொறுத்தருள வேண்டும்.

முதலில் நம் தலைவர். திருவிழா நாள்களில் இவர் தலபுராணம் வாசித்ததைக் கேட்டவர்கள் கைதட்டுங்கள். ஆகா, எத்தனை கைகள்! வெண்கலத்தை வார்த்தெடுத்த குரல். சீர் பிரித்தால் சிதறாது, சந்தம் பிடித்தால் சறுக்காது. ஒரே ஒரு குறை. நாட்டு வளம் பாடும் படலம் வந்துவிட்டால் இவரை நிறுத்த இயலாது. வயல் விளையும், வாளை துள்ளும், வண்டு முரலும், வாழை குலை தள்ளும். இறைவன் எழுந்தருளும் வேளையில் கேட்போர் அனைவரும் உறங்கிக்கொண்டிருப்போம். தலைவர் சிரிக்கிறார். ஒப்புக்கொண்டார் என்று கொள்கிறேன்.

அடுத்து, துணிக்கடை வடிவேல். துப்பறியும் நாவல் வாசிப்பதில் இவருக்கு நிகர் இல்லை. ஆனால் கொலை செய்தவன் பெயர் வரும்போதெல்லாம் இவர் குரல் தானாகத் தடித்துவிடும்! இரண்டாம் அதிகாரத்திலேயே ஒருவர், “அண்ணே, அந்த வக்கீல்தானே செஞ்சான்?” என்பார். “எப்புடிய்யா கண்டுபுடிச்சே?” என்று வடிவேல் மெய்யாகவே வியப்பார். அவர் துணைவியார் அன்னலட்சுமி அம்மையார் பெண்களுக்குப் பிணி தீர்க்கும் வாகட நூல் வாசிப்பார். அவர் வாசித்து முடிப்பதற்குள், நலமாக வந்த பெண்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

சந்தியில் கடை வைத்திருக்கும் ஸரூக் அவர்கள் செய்தித்தாள் வாசிப்பார். தேயிலை விலை இறங்கியதையும், எங்கோ ஓர் ஊர் வெள்ளத்தில் அழிந்ததையும் ஒரே குரலில் வாசிப்பார். “பாய், கொஞ்சம் வருத்தமா வாசிங்க. செத்திருக்காங்க” என்று ஒருநாள் சொன்னேன். “எழுதினவரே வருத்தப்படல்லையே, நான் என்னத்துக்கு வாப்பா பொய்யா அழணும்?” என்றார். அன்று எனக்கு அது கல்நெஞ்சமாகப் பட்டது. இன்று அவரை இந்த ஊரின் தலைசிறந்த வாசிப்பாளருள் ஒருவர் என்பேன். பிறர் துயரை அவர் விற்கவில்லை.

இனி, இராமாமிர்தம்.

இந்தப் பெயரைச் சொன்னதும் தாழ்வாரத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் ஒரு மௌனம். இரண்டும் என் செவிக்குத் தெரிகின்றன.

இராமாமிர்தம் நம் மன்றத்தின் கதை வாசிப்பாளர். நம் மன்றத்தின் வாசிப்பாளராக இருந்தவர் என்று திருத்திச் சொல்ல வேண்டும். சென்ற மாதம் நம் செயற்குழு அவரை நிறுத்திவிட்டது. அவர் குரல் நல்ல குரலா? இல்லை. உடைந்த சட்டியைத் தரையில் இழுத்தாற் போன்ற குரல். பொடி போடுவார், தும்முவார், அடியைத் தவறவிட்டு மீண்டும் தேடுவார். ஆனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தலை நிமிர்ந்து நம் முகங்களைப் பார்ப்பார். முகம் வாடியிருந்தால் நிறுத்துவார். விளங்காதிருந்தால் விளக்குவார். வாசிக்கிறவருக்கு வாய் இருந்தால் மட்டும் போதுமா? காது வேண்டாமா?

தோட்டத்து மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. நகரத்தார் அறியமாட்டீர்கள், சொல்கிறேன். கதையில் ஓர் உயிர் போகும் இடத்தில் வாசிப்பை நிறுத்தக் கூடாது. மழை கொட்டட்டும், விளக்கு அணையட்டும், போன உயிர் மீளும் பாட்டை வாசித்த பிறகே ஏட்டைக் கட்ட வேண்டும். அந்தப் பாட்டை வாசிக்காவிட்டால் கேட்டவர்கள் எழ மாட்டார்கள். எழுந்தால் அந்தச் சாவு தம்மோடு வீட்டுக்கு நடந்து வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமையில், தோட்டத்தார் குடியிருக்கும் லயத்து வாசலில் இராமாமிர்தம் கயல்வேந்தன் கதை வாசித்துக்கொண்டிருந்தார். அரசியின் ஒரே மகன் ஏரியில் மூழ்கிய இடம். அரசி கரையிலே அமர்ந்துவிடுகிறாள்: “என் பிள்ளையைத் தரும்வரை எழேன்” என்று. அந்த நேரம் பார்த்துக் கங்காணி ஓடி வந்தார். “தொரை வர்றாரு! கலைஞ்சு போங்க எல்லாரும்!” கூட்டம் எழவில்லை. இராமாமிர்தம் என்ன செய்தார் தெரியுமா? ஏட்டை விரித்தபடியே எழுந்து நடந்தார். வாசித்துக்கொண்டே நடந்தார். தேயிலைச் சரிவில் அவர் முன்னே, ஊரே பின்னே! பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு குரல்: “யோவ், மெதுவாப் போய்யா! அந்தப் புள்ள எந்திரிச்சிச்சா இல்லையா? காதுல விழல!” திரும்பிப் பார்த்தால், கலைக்க வந்த அதே கங்காணி!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இனி நான் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

மடுல்சீமைத் தோட்டத்தில் பெரியாயி என்றொரு தாய். கணவர் இராமையா. ஒரே பிள்ளை, மாரிசாமி. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. கண்டது தணியவில்லை. கயல்வேந்தன் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்பதாகப் பெரியாயி நேர்ந்துகொண்டாள். கதையில் பிள்ளை எழுந்தால் வீட்டிலும் பிள்ளை எழுவான் என்பது அவள் நேர்த்தி. இந்த மண்டபத்துக்கு நடந்து வந்தாள். இராமாமிர்தம் முதற்பாதியை வாசித்து, இளவரசன் பிறந்தநாள் விழாவில், மங்கலமான இடத்தில் நிறுத்தினார். மறுபாதி அடுத்த சம்பள ஞாயிறன்று என்றார்.

அடுத்த சம்பள ஞாயிறன்று இராமாமிர்தம் இல்லை. பெட்டி இருந்தது.

ஏன் அவரை நிறுத்தினோம்? தோட்டத்துக் கூட்டம் மிகுகிறதாம். வெற்றிலை எச்சிலாம். நடுநடுவே கேள்வி கேட்கிறார்களாம். நாகரிகம் வளர்ந்த நகரில் இன்னும் வாசிப்பாவது, கேள்வியாவது என்று கை தூக்கினோம். கொழும்பிலிருந்து பெட்டி வந்தது. அதே கயல்வேந்தன் கதை, இசைத்தட்டாக!

பெட்டியின் குரலைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். தேன். அந்தப் பாடகியின் ஒப்பாரி கல்லையும் கரைக்கும். அதன் முன் இராமாமிர்தம் குரல் தகரம், என் குரலும் தகரம். அன்று மண்டபமே அழுதது. நானும் அழுதேன். அரசி கரையில் அமர்ந்தாள். “எழேன், எழேன்” என்று பாடினாள். கிறீச்சென்று ஓர் ஒலி. தட்டு நின்றது.

அடுத்த தட்டு எங்கே? இல்லை. கொழும்புக் கடைக்காரர் நம் செயலாளரிடம் சொன்னாராம்: “ஒப்பாரி பிளேட்டுக்குத்தாங்க கிராக்கி. புள்ள எந்திரிக்கிறத யாரு காசு குடுத்து வாங்குறா? அத அடிக்கவே இல்ல.”

கேட்டீர்களா, சான்றோர்களே? அழுகை விலை போகிறது, ஆறுதல் விலை போகவில்லை! சாவைப் பதித்தார்கள், மீட்சியைப் பதிக்கவில்லை! அந்தத் தட்டுக்குத்தானே இன்று மாலை சூட்டியிருக்கிறோம்!

அன்று வந்திருந்த நகரத்தார் எல்லாரும் எழுந்து போனார்கள். பெரியாயி எழவில்லை. “முடிஞ்சிருச்சும்மா, கிளம்புங்க” என்றார் செயலாளர்.

“எப்புடிங்க முடியும்? புள்ள இன்னும் தண்ணிக்குள்ள இருக்கே!”

“பெட்டிக்கு அவ்வளவுதான் தெரியும், தாயி.”

“அப்ப அந்த ஐயாவக் கூப்புடுங்க சாமி. அவருக்குத் தெரியும்.”

அந்த ஐயா அன்று வேறு பிழைப்புத் தேடி நமுனுகுலப் பக்கம் அலைந்துகொண்டிருந்தார். மண்டபம் பூட்டப்பட்டது. பெரியாயி படிக்கட்டில் அமர்ந்தாள். மழை வந்தது. இராமையா வந்து கைப்பிடித்துத் தூக்கினார். பாதிக் கதையோடு மலையேறினாள்.

அந்த வாரமே மாரிசாமி இறந்தான்.

இசைத்தட்டு கொன்றது என்று சொல்ல வரவில்லை நான். அத்தனை அறிவிலி அல்லேன். காய்ச்சல் கொன்றது. மருத்துவர் ஏற முடியாத மலைவழி கொன்றது. ஆனால் அதை அந்தத் தாயிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்! “பாதியில எந்திரிச்சு வந்துட்டேன், அதான் போயிட்டான்” என்கிறாள். ஊர் முழுக்க வந்து இல்லையென்றாலும் அவள் நெஞ்சு ஏற்குமா? அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றியது யார்? அவளா எழுந்து போனாள்? நாமல்லவா பூட்டைப் போட்டோம்!

என்ன, செயலாளர் அவர்களே? “தெரியாமல் நடந்தது” என்கிறீர்கள். உண்மை. உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவரைத்தான் அனுப்பிவிட்டோம்.

நண்பர்களே, என் பேச்சால் எதுவும் மாறும் என்ற மயக்கம் எனக்கு இல்லை. கை தூக்கியவர்கள் யார் யார் என்று அறிவேன். நாளை முதல் இந்த மண்டபத்தில் மனிதக் குரல் வாசிக்காது. நாளைக் காலைப் புகைவண்டியில் இராமாமிர்தம் தாயகம் திரும்புகிறார். எத்தனை முழங்கினாலும் அந்த வண்டியை என் தொண்டை நிறுத்தாது. ஏரி திறக்காது, மலை இறங்காது, மாரிசாமி வரமாட்டான். மேடை ஏறி ஏறி நான் கண்டது இதுதான்: கைதட்டல் வரும், கதவு திறக்காது.

ஆனால் இன்று மாலை, உள்ளே நுழையும்போது, படிக்கட்டில் ஒரு குரல் என்னை நிறுத்தியது. பெரியாயி. மீண்டும் வந்திருக்கிறாள். அவள் அருகில், ஏட்டு மூட்டையும் கையுமாக இராமாமிர்தம்.

நான் அவரிடம், “மிச்சத்தை வாசித்துவிடுங்களேன்” என்றேன். அவர் சொன்னார்: “எப்புடிங்க வாசிப்பேன்? பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்து நிக்கிறா. இவ முன்னால ‘எழுந்தான் மகன்’னு எந்த வாயால வாசிப்பேன்?”

 அதற்குப் பெரியாயிதான் பேசினாள்:

“என் புள்ளதான் போயிட்டான் சாமி. அந்த அம்மா புள்ளையாவது எந்திரிக்கட்டும். அவ இன்னும் அந்தக் கரையிலேயே குந்தியிருக்கா. ஒருத்தியாச்சும் வீட்டுக்குப் போகட்டும்.”

அவையோரே, அந்த இருவரும் இன்னும் அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறார்கள்.

தலைவர் மணி அடிக்கிறார். எனக்களித்த நேரத்தில் இன்னும் பாதி இருக்கிறதே, தலைவர் அவர்களே? வாழ்த்துரையில் வாழ்த்து வரவில்லை என்றா அடிக்கிறீர்கள்? இதோ, வாழ்த்திவிடுகிறேன். பாட்டுப்பெட்டியே, நீ நீடு பாடு! உனக்கு வாய் இருக்கிறது, ஒருநாள் காதும் முளைக்கட்டும். அதுவரை இந்த மேசையில் சற்று ஓரமாக இரு.

மீதமுள்ள என் நேரத்தை நான் பேசித் தீர்க்கப் போவதில்லை. இராமாமிர்தம், மேலே வாருங்கள். வழிவிடுங்கள் ஐயா, நாற்காலியை நகர்த்துங்கள். பெரியாயி, உள்ளே வா தாயே. படிக்கட்டில் வேண்டாம், முன்வரிசைக்கு வா. எழுந்து இடம் கொடுப்பவர் யார்? குரலைக் கொண்டு அறிகிறேன், தலைவர் மயில்வாகனம் அவர்களே. உமக்கு என் வணக்கம், ஐயா.

இதுவரை செவி தந்த பெரியோர்க்கும், படிக்கட்டில் காத்திருந்த தாய்மார்க்கும் நன்றி கூறி அமர்கிறேன். என் உரை பாதியில் நிற்கட்டும். அரசி கரையில் இருக்கிறாள், பிள்ளை நீருக்குள் இருக்கிறான்.

வாசியுங்கள், இராமாமிர்தம்.