லாட்ஜில் விட்டுப்போன நாவல்கள்

— அந்தக் கதையில வர்ற ஆளு எதுக்குத்தான் அழுவுறான்? அதைச் சொல்லவே இல்லையே நீ.

— காரணமே கிடையாதும்மா. ஜன்னலோரம் உக்காந்து நாப்பது பக்கம் அழுவுறான். சோத்துக் கவலை இல்ல, அதான் வாழ்க்கை கசக்குது. அந்த ஜன்னலை யாரு துடைச்சாங்கன்னு ஒரு வரி இருக்கா?

— அதையெல்லாமா எழுதுவாங்க? எட்டாம் நம்பர் ரூம்காரர் விட்டுட்டுப் போனது அது. நல்ல மனுஷன். துண்டைக்கூட மடிச்சு வச்சிருந்தாரு.

— புத்தகம் தாங்காம ஓடியிருப்பாரு.

— ஒரு மாசம் யாரும் தேடி வரலன்னாதான் எங்களுக்குக் குடுப்பாங்க. மத்தவளுங்க குடைக்கும் சார்ஜருக்கும் அடிச்சுக்கறாளுங்க. நான் உனக்குன்னு புத்தகத்தை எடுத்துட்டு வந்தா, குத்தம் சொல்ற.

— இருக்கறதைத்தானே சொல்றேன்.

— சரி, அந்தப் பொண்ணு கதை? படிச்சு ஆபீசர் ஆவாளே, அதுவாச்சும் நல்லாருந்துச்சா?

— அது இதைவிட மோசம்.

— ஏன்டி? நீ சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரிச்சுது.

— கடைசிப் பக்கத்துல வேலை வந்துடுது. எத்தனை இன்டர்வியூ போனா, எவன் என்ன கேட்டான், ஒண்ணும் கிடையாது. அவ அம்மாவுக்கு ஒரு பேர்கூட இல்ல. இருமுறா, இருமுறா, செத்துப்போறா.

— செத்தா என்ன? பொண்ணு நிமிந்துட்டால்ல.

— அப்படிப் பேசாத. பத்திக்கிட்டு வருது.

— போன வாரம் போனியே, அந்தக் கம்பெனியில கூப்பிட்டாங்களா?

— கூப்பிட மாட்டாங்க.

— நீயா முடிவு பண்ணிக்காத.

— வீட்ல வேற யாரு படிச்சிருக்காங்கன்னு கேட்டாங்க. யாருமில்லன்னேன். அம்மா என்ன பண்றாங்கன்னாங்க. லாட்ஜ்ல ரூம் கழுவுறாங்கன்னேன். கேள்வி கேட்ட அந்தம்மா பேனாவை மூடி வச்சுட்டா.

— மேனேஜர்னு சொல்லித் தொலைச்சா என்ன?

— சொல்ல மாட்டேன்.

— திமிரு.

— ஆமா, திமிருதான். ஆனா அந்தப் பொண்ணு கதையை ரெண்டு தடவை படிச்சேன். பொய்னு தெரிஞ்சே.

— அப்ப பிடிச்சிருக்கு.

— கடைசிப் பக்கம் மட்டும். நீ ஏன் முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே இருக்க?

— மாடி ஏற முடியலடி. இன்னைக்கு நடுவுல உக்காந்துட்டேன். மேனேஜர் பாத்துட்டாரு.

— கீழ்மாடி வேலை கேக்க வேண்டியதுதானே?

— அங்க ஆள் இருக்கு. வேலையை விட்டு நின்னுக்கோன்னுட்டாரு. ஒருத்தி நின்னா, அவ வீட்லேருந்தே ஒருத்தியை எடுத்துக்குவாங்க. அங்க அப்படித்தான்.

— அம்மா, ‘இந்த வாளி என்னோட போகட்டும்’னு நீ சொல்லிச் சொல்லித்தானே என்னைப் படிக்க வச்ச?

— ஆமா.

— இப்ப அந்த மேனேஜர்கிட்ட என்ன சொல்லிட்டு வந்த?

— யூனிஃபார்ம் தைக்க அளவு கேட்டாங்க. நீ இன்டர்வியூவுக்குப் போட்டுட்டுப் போற சட்டையைக் குடுத்துட்டு வந்துட்டேன்.