இருநூத்தி மூணாம் ரூமுக்கு யார் ஜாமீன்?

"...ஜாமீன் கம்பெனியாம், பெரிய கம்பெனி! மெதுவா எறங்குங்க தம்பி, தண்ணி கொதிக்கும். இந்தப் பொதுக் குளியல் கூடத்துக்குப் புதுசா? நல்லது. ஆறு ரூம் வாடகைக்கு விடறவன் நான், என் கதையக் கேளுங்க.

முன்னெல்லாம் வாடகைக்கு வர்றவன் கூட ஒரு மாமாவோ பெரியப்பாவோ வருவார். ஜாமீன்னு, கையெழுத்துக்குப் பதிலா தன் பேர் முத்திரையக் குத்துவார். பையன் குழாயத் தொறந்து வச்சுட்டு ஊருக்குப் போனா, பதறி அடிச்சுட்டு அவரே ஓடி வருவார். இப்ப? கம்பெனிக்குப் பணம் கட்டினாப் போதும், ஜாமீன் ரெடி. போன வருஷம் நூத்தி ஒண்ணாம் ரூம்ல ஒருத்தன்... அப்பப்பா, குப்பையப் பிரிக்கவே மாட்டான். மீன்முள்ளு, பாட்டில், பழைய செருப்பு, எல்லாம் ஒரே பையில! கம்பெனிக்குப் போன் போட்டா ஒரு பொண்ணு தேனொழுகச் சொல்லுது, 'வாடகைக்கு மட்டுந்தாங்க நாங்க பொறுப்பு'ன்னு. அப்ப மீன்முள்ள யார் பொறுக்கறது? நான் பொறுக்கினேன் தம்பி, நான்!

என்ன, எழுந்திரிக்கிறீங்க? ஒக்காருங்க, இன்னும் ஊறவே இல்ல.

அதான், இருநூத்தி மூணுக்கு நிஷிவாக்கின்னு ஒருத்தர் வந்தப்ப... நூடுல்ஸ் கடைச் சமையக்காரர், அம்பது வயசு, ஒண்டிக்கட்டை... கம்பெனிக் காகிதத்த நீட்டினார். 'இதெல்லாம் வேணாம், ரத்தமும் சதையுமா ஒரு ஆளக் கொண்டாங்க'ன்னுட்டேன். 'எனக்கு யாருமில்லீங்க'ன்னார். முகம் சுண்டிப்போச்சு, பாவம். ரூமோ ஏழு மாசமாக் காலி. என் வீட்டுக்காரி வேற, 'கம்பெனிய வச்சே விடுங்க, வாடகையாவது நிச்சயம்'னு நச்சரிக்கிறா. நான் விட்டுக் குடுப்பேனா? வீறாப்பு!

கடைசில... சிரிக்காதீங்க... ஜாமீன் கட்டத்துல என் முத்திரையவே குத்திட்டேன். ஆமா, நானே! இப்ப அவருக்குக் கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. ரெண்டு மாசமா வேலையுமில்ல, வாடகையுமில்ல. நான் யாரப் போயிக் கேக்கறது? கண்ணாடியப் பாத்தா கேக்கறது? இதுல பெரிய கூத்து, வீடு என் பேர்லயே இல்ல தம்பி, கினுயோ பேர்ல. என் பொண்டாட்டி. என் கைக்காசப் போட்டு, அவர் குடுத்த வாடகைன்னு அவகிட்டச் சொல்லி ஓட்டிக்கிட்டிருக்கேன். அதுவும் தீந்துபோச்சு. அவளுக்குத் தெரிஞ்சா அவரையும் வெளிய அனுப்பிடுவா, என்னையும் சேத்து...

ஆங்? யாரு கூப்பிட்டது? சுவத்துக்கு அந்தப் பக்கம், பொம்பளைங்க குளிக்கற எடத்துலேர்ந்தா... கினுயோ! நீயும் குளிக்க வந்திருக்கியா? ஐயய்யோ, இந்தச் சுவரு கூரை வரைக்கும் போகலங்கறதே மறந்துபோச்சே. எல்லாம் கேட்டுச்சா?

என்னது... மொதல் நாளே தெரியுமா? ஆமா, ஒப்பந்தத்துல நீயும்தான் முத்திரை குத்தின... படிச்சுப் பாக்கமாட்டேன்னுல்ல நெனச்சேன்! பின்ன ஏன் சும்மா இருந்த? ...ஓ! என்கிட்ட வசூல் பண்றது சுலபமா?

அப்ப அவர் இருக்கட்டுமா? கை கூடற வரைக்குமா? என் தங்கமே! ...என்ன, அதுக்குப் பதிலா மாடிப்படியா? தெனமும் நானா கழுவணும்? அங்க எல்லாரும் சிரிக்கிறாங்க கினுயோ! தம்பி, இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்க... தம்பி?

அட, ஆளையே காணோம்!"