நெஞ்சு தாண்டும் வரை

எனக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்று சொல்லியும் உங்கள் கான்ஸ்டபிள் பாயசம் மாதிரி ஒரு டீ வாங்கி வந்திருக்கிறார். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன். நீங்கள் நிறுத்தாமல் எழுதலாம், சார். பின்னால் மாற்றிச் சொல்கிற ஆள் நான் இல்லை.

பெயர் துளசிராமன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டியிருக்கிற கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். பையன்கள் பி.டி. சார் என்பார்கள். இறந்துபோன எபினேசர் என் கிராஸ் கன்ட்ரி அணியில் ஓடியவன். அந்த ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதல்ல அது. வரப்பு, ஏரிக்கரை, ஆற்று மணல் என்று கண்ட இடத்திலும் ஓட வேண்டும். கல்லூரிக்கு ஆறு பேர். அவர்களில் முதலில் வரும் நான்கு பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்று பார்த்து அந்த எண்களைக் கூட்டுவார்கள். யாருக்குக் கூட்டுத்தொகை குறைவோ அவர்களுக்குக் கோப்பை. முதலாவதாக வருகிறவன் எப்படியும் வந்துவிடுவான், அவனைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. கோப்பையைக் கொண்டுவருவதும் கோட்டைவிடுவதும் நாலாவது ஆள்தான்.

எங்களுக்கு முதல் ஆள் தணிகைவேல். திருவாலங்காட்டுப் பக்கம் நெல் விளைகிற வீட்டுப் பிள்ளை, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அவனுக்குக் கால் இருக்கிறது, திமிரும் இருக்கிறது, சொல்லித் தர ஒன்றுமில்லை. நாலாவது ஆள் எபினேசர். அப்பா இல்லை. அம்மா விக்டோரியா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் பேக்கிங் வேலை செய்கிறார். பையன் ஒல்லி, பயந்த சுபாவம், சொன்னதைக் கேட்பான். எனக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும்.

ஆடியில் பயிற்சியை ஆரம்பித்தோம். ஷிப்ட் பஸ்கள் வருவதற்கு முன்னால் சிப்காட் உள்சாலைகளில் ஓட்டம், அப்புறம் ஏரிக்கரை. இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை தரையோடு தரையாக நிற்கிற நேரம் அது. அதற்குக்கூடச் சிலர் என்னைக் குறை சொல்கிறார்கள். ஏன் சார், அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அந்தப் புகையில்தானே கிடக்கிறார்கள், அப்போதெல்லாம் யாருக்கும் மூச்சு முட்டவில்லையே?

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டம் முடிந்ததும் நாஷ்டா. ஆனால் நாலாவது ஆள் வந்து சேரும்வரை யாரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, உட்காரவும் கூடாது. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று அவன் வருகிற வழியையே பார்க்க வேண்டும். திட்டக் கூடாது. கைதட்டவும் கூடாது. சும்மா பார்க்க வேண்டும். பிரம்பைத் தொடாத வாத்தியார் என்று எனக்குப் பெயர் உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

ஆரம்பத்தில் எபினேசர் அழுதுகொண்டே வந்து சேர்வான். "சாரிண்ணா, சாரிண்ணா" என்று ஒவ்வொருவனிடமும் சொல்வான். ஆவணி பிறந்ததும் அழுகை நின்றுவிட்டது. ஒரு சாயங்காலம் விக்டோரியாம்மா வேலை முடித்து, கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் கல்லூரி வாசலில் வந்து நின்றார்.

"சார், புள்ள சரியா துன்றதே இல்ல சார். தூக்கத்துல 'வந்துட்டேன், வந்துட்டேன்'னு பொலம்பிக்கினு கீறான். எனக்கு பயமா கீது."

"அவன் இன்னா ஆவணும்னு நெனக்கிறீங்கம்மா?"

"இன்னா ஆனாலும் சரி சார், கம்பெனி கேட்டுக்குள்ள மட்டும் போவக் கூடாது. நான் போறது போதும்."

பல்கலைக்கழகப் போட்டியில் ஜெயிக்கும் அணி அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அதில் ஓடிய சான்றிதழ் கையில் இருந்தால் ரயில்வேயில் எடுப்பார்கள், உங்கள் காவல் துறையிலேயே விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுப்பார்கள். இதை அவருக்கு நிதானமாகச் சொன்னேன். "என் கையில வுட்டுடுங்கம்மா" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டார். "நீங்க சொன்னா சரி சார்" என்றார். இந்த வார்த்தை முக்கியம், விட்டுவிடாதீர்கள்.

மண்டலப் போட்டி ஊத்துக்கோட்டையில் நடந்தது. கடைசி நேரத்தில் எபினேசர் ஒருவனை முன்னால் விட்டுவிட்டான், எங்களுக்கு இரண்டாம் இடம். பல்கலைக்கழகப் போட்டிக்குப் போக அது போதும்தான். ஆனாலும் நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாததால் மற்றவர்களும் பேசவில்லை. பஜாரில் வேனை நிறுத்தி எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம், அவன் மட்டும் வேனிலேயே இருந்தான். நான் இருக்கச் சொல்லவில்லை. அவனாகவே இருந்தான். ஒரு பையனிடம் முன்னேற்றம் என்று நான் சொல்வது அதைத்தான். எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

பல்கலைக்கழகப் போட்டி பெரியபாளையத்துக்கு வெளியே, புரட்டாசி வெயிலில். ஆரணியாற்று மணலில் இறங்கி ஏறி, தைலமரத் தோப்பைச் சுற்றி வர வேண்டும். வேனில் போகும்போது எபினேசர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சார், ராவெல்லாம் ஜொரம் சார். கண்ணு எரியுது. நிக்க முடியல."

தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடுதான். மாத்திரை கொடுத்தேன்.

"அம்மா வராங்களா?"

"லீவு போட்டுக்கினு வரேன்னுச்சு சார்."

"அவங்களாண்ட ஜொரத்தப் பத்தி வாய தொறக்காத. பேஜாராயிடுவாங்க. ஓடி முடி, நானே டாக்டராண்ட கூட்டிக்கினு போறேன்."

மாற்று ஆள் ஒருவன் ஷூ மாட்டிக்கொண்டு தயாராகத்தான் இருந்தான். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவனை இறக்கியிருந்தால் மூன்றாம் இடம் வந்திருப்போம். மூன்றாம் இடம் வந்தவனுக்கு எந்த ரயில்வேயும் வேலை தராது.

சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். வெயில் உச்சிக்கு ஏறின பிறகுதான் விசில் ஊதினார்கள். தணிகைவேல் முதலில் வந்தான். செல்போனைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அவன் பின்னால் ஓடினார்கள், தடுப்புக் கயிறு அறுந்து முடிவுக் கோட்டில் ஒரே கூட்டம், நடுவர்களும் அதற்குள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து வந்தார்கள். ஐந்தாவது ஆள் பென்னி ஆற்று மணலிலேயே கால் பிசகி உட்கார்ந்துவிட்டான் என்று செய்தி வந்தது. ஆறாவது ஆள் கண்ணுக்கெட்டின தூரத்தில் இல்லை. நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். எபினேசர் மெதுவாக வந்து சேர்ந்தாலும் கோப்பை எங்களுக்குத்தான். வராவிட்டால் ஒன்றுமில்லை.

தோப்பிலிருந்து வெளியே வந்தான். கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் போனது. கோடு தெரிகிற இடத்தில் விழுந்தான்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. ஓடுகிறவனை யாராவது தூக்கினாலோ தாங்கினாலோ அவன் போட்டியிலிருந்து நீக்கப்படுவான். டாக்டர் தொட்டுப் பார்க்கலாம், அதற்கு விதியில் இடம் உண்டு. ஆனால் டாக்டர் பார்த்தால் ஓடாதே என்பார். ஆம்புலன்ஸ் நர்ஸ் எழுந்து வருவதைப் பார்த்துவிட்டு நான் எதிரே போனேன். "இவன் சும்மா களைச்சிக் கீறான்மா, நான் பாத்துக்கறேன். ஆத்துல ஒரு பையன் கால் ஒடைஞ்சி கெடக்கிறான், மொதல்ல அங்க ஓடுங்க" என்றேன். பென்னிக்குக் கால் பிசகியிருந்தது, உடையவில்லை. வண்டி ஆற்றுப் பக்கம் போய்விட்டது.

எபினேசர் முட்டி போட்டு நகர ஆரம்பித்தான். வியர்வையே இல்லை, உடம்பு காய்ந்து கிடந்தது. ஓடவிடுகிற வேலையில் இருக்கிறவனுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். எனக்கும் தெரியும்.

விக்டோரியாம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வுடுங்க சார். எம்புள்ள சார். தூக்கிடறேன் சார்."

"தொட்டீங்கன்னா அவன் அவுட்டும்மா. இத்தினி நாள் ஓடினது அத்தினியும் பாழாப் போவும். சான்றிதழ் வராது. அவனே வருவான், வுடுங்க."

என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது, அப்படி இருக்காது. அப்புறம் நான் சொல்லிக் கொடுக்காமலே மிகச் சரியான காரியம் ஒன்றைச் செய்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டார்.

"வாடா எபி. வாடா கண்ணு. இதோ கொஞ்சம்தான்டா."

அவன் அந்தக் குரலைப் பார்த்து ஊர்ந்தான். தண்ணீர் என்று கேட்டான். அவரிடம் பாட்டில் இருந்தது. அதை நான் வாங்கிக் கீழே ஊற்றிவிட்டேன், கையில் இருந்தால் மனசு கேட்காது அல்லவா? கண்ட இடத்தில் தண்ணீர் கொடுப்பதும் விதிமீறல்தான். பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். கூட்டுத்தொகையில் அதற்கு எங்களிடம் இடம் இருந்தது.

அவன் கை கோட்டைத் தாண்டியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கை தாண்டினால் கணக்கில்லை, தலை தாண்டினாலும் கணக்கில்லை. நெஞ்சு தாண்ட வேண்டும். விக்டோரியாம்மா முந்தானையை விலக்கி அந்தக் கையைப் பிடிக்கப் போனார். நான் நடுவில் என் காலை வைத்தேன்.

அதற்கப்புறம் அவன் அசையவில்லை. நான் குனிந்து அவன் காதில், "எபி, எல்லாரும் நின்னுக்கினு கீறாங்கடா" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு உந்து உந்தினான். நெஞ்சு தாண்டியது. அந்த மாதிரி ஒரு முடிவை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அதன் பிறகுதான் அவனைத் தூக்கினேன். ஆம்புலன்ஸ் மணலில் மாட்டிக்கொண்டிருந்ததால் ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது. வெயில் தாக்கியிருக்கிறது, விழுந்த இடத்திலேயே தண்ணீரைக் கொட்டிக் குளிர வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். பிழைத்து, தகுதி இழந்து, கம்பெனி கேட்டுக்குள் போயிருப்பான்.

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். தணிகைவேலும் மற்றப் பையன்களும் உங்களிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள். எபினேசர் விழுந்த உடனே நான் ஓடிப்போய்த் தூக்கினேனாம், கோட்டுக்கு முன்னாலேயே தூக்கினேனாம். என்னைக் காப்பாற்றுகிறார்களாம். கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தும் விதி புரியாத பிள்ளைகள். எதிர்க் கல்லூரிக்காரர்களும் அதையேதான் சொல்லிப் புகார் கொடுத்திருக்கிறார்கள், யாரோ அவனை இழுத்துப் போட்டார்கள் என்று. பல்கலைக்கழகம் முடிவை நிறுத்தி வைத்திருக்கிறது. போலீஸ் விசாரணையில் வருவதைப் பார்த்துத்தான் அறிவிப்பார்களாம். பையன்கள் சொன்னது நின்றால் நான் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கோப்பை போய்விடும்.

விக்டோரியாம்மாவும் அப்படித்தான் சொல்கிறார் என்று நேற்றுத் தெரிந்தது. "நானும் சாரும் சேந்துதான் தூக்கினோம், எம் மடியிலதான் தண்ணி குடிச்சான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஏன் சொல்கிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அது பொய். பொய்யை வைத்துக்கொண்டு அந்தப் பையனின் ஓட்டத்தை நான் இழக்க முடியாது.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஜுரம் என்று தெரிந்தே ஓடவிட்டேன். ஆம்புலன்ஸை நான்தான் அனுப்பிவிட்டேன். தண்ணீரை நான்தான் கொட்டினேன். நெஞ்சு தாண்டும் வரை அவனை யாரும் தொடவில்லை, பெற்றவள் உட்பட. நான் தொட விடவில்லை. அந்த அம்மாவுக்கும் இதை ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டிவிடுங்கள், இனி வேறு மாதிரி சொல்லாமல் இருக்கட்டும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கோப்பை வந்ததும் கல்லூரியில் வைக்க விடமாட்டேன். விக்டோரியாம்மா வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று தணிகைவேலிடம் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.