நிறுத்துப் பாரு

தானா ராத்தாவிலிருந்து தேயிலை மலைப்பாதையில் ரிங்லெட்டுக்கு இறங்கும் பஸ்ஸில் டிரைவர் கேசட்டைப் போட்டார். அந்த வருஷம் கல்யாண வீடுகளிலெல்லாம் கேட்ட பாட்டுதான். என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். கூடையை மடியில் வைத்திருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"இந்தப் பாட்டுல காதலே கெடையாதுக்கா. தேயிலக் கொழுந்து மூட்டதான்."

"என்னடி சொல்ற? ‘என் மனச நிறுத்திப் பாரு’ன்னுதான பாடுறான்? முடிஞ்சா தடுத்துப் பாருன்னு."

"டவுன்ல எல்லாரும் அப்படித்தான் நெனக்கிறாங்க. அவன் பாடுறது ‘நிறுத்துப் பாரு’. எட போட்டுப் பாருன்னு. எங்க தோட்டத்துல எட எழுதுற கிராணிகிட்ட நான் போட்ட சண்ட லா அது. எடயக் கொறச்சு எழுதுனாரு. எறக்குன மூட்டய மறுபடியும் தராசுல தூக்கி வச்சு, நிறுத்துப் பாரு, நிறுத்துப் பாருன்னு கத்துனேன். லோரில மூட்ட ஏத்திக்கிட்டு இருந்தவன் அதுக்கு மெட்டுப் போட்டுட்டான்."

"பாட்டுல மனசுன்னு வருதே?"

"மூட்டன்னு பாடுனா யாரு கேசட் வாங்குவா?"

ஒரு வளைவு முழுக்க அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கிராணிக்குக் கோவம் வரலயா?"

"எங்க கோவம்? இப்ப நான் வாயத் தொறந்தாலே வரிசையில நிக்கிற அத்தன பொம்பளைங்களும் பாட ஆரம்பிச்சிடுறாங்க. அவரும் தலய ஆட்டிக்கிட்டே மறுபடி நிறுக்குறாரு."

"அப்புறம்?"

"பாட்டோட நிறுத்தா எட கூடத்தான் வருதுக்கா."