பூனைமேல் விழுந்த பழி

இல்ல அத்தான், பூனைக் கூடையோட உள்ள வராதீங்க, வாசல்லயே வைங்க. நீங்களும் அந்தக் குழாயத் தொடாதீங்க. ஆர்.என்.ஏ.வ வெட்டுற நொதி நம்ம விரல்லயே இருக்கு, வெறுங்கை பட்டா எங்க உழைப்பு பாழ். அந்த நொதிய இந்த லேப்ல திட்டாத ஆளே இல்ல.

ம்? அக்கா எங்க வீட்லயே இருக்கட்டும்னு உங்கம்மா சொல்றாங்களா. பூனைய எங்கிட்ட, பொண்டாட்டிய எங்கப்பாகிட்ட. நல்ல பங்கீடு. நீங்க என்ன சொல்றீங்க? பூனையாலதான் பாப்பா போச்சுன்னு நீங்களும் நம்புறீங்களா?

மொதல்ல பாத்த டாக்டரும் பூனை வளக்கறீங்களான்னுதான் கேட்டார், ஒத்துக்கறேன். பாப்பா மூளையில ஸ்கேன்ல சுண்ணாம்புப் புள்ளி தெரிஞ்சா, வயித்துல இருக்கும்போது பூனைகிட்டேருந்து தொத்துன நோய்னுதான் யாருக்கும் தோணும். ஆனா அத்தனை சோதனை பண்ணியும் ஒரு கிருமி சிக்கலையே, அத உங்க வீட்ல யாராவது பேசினாங்களா? பாப்பாவப் பொதச்ச ஈரம் காயல, அதுக்குள்ள அக்காவுக்கு, மடியில பூனைய வச்சுக் கொஞ்சினவன்னு பேரு.

கேளுங்க. செல்லுக்குள்ள டி.என்.ஏ.வோட ஒட்டிக்கிற ஆர்.என்.ஏ. துண்டுகள வெட்டி எடுக்க ஒரு நொதி இருக்கு. நாங்க திட்டுறோமே, அந்தக் குடும்பந்தான். பாப்பாவுக்கு அது சரியா வேல செய்யல. மிச்சம் கெடந்தத வைரஸ்னு நெனச்சு ஒடம்பு தன்னையே அடிச்சுக்கிச்சு. வீட்டுக் குப்பையத் திருடன்னு நெனச்சு வீட்டையே கொளுத்துற மாதிரி. அந்த ஓயாத அழுக, காய்ச்சல், தலை நிக்காமப் போனது, எல்லாம் அதுதான்.

ஆமா, மரபணுதான். ஒரு பழுது அம்மாகிட்டேருந்து, ஒண்ணு அப்பாகிட்டேருந்து. ஒண்ணே ஒண்ணு இருந்தா ஒண்ணும் பண்ணாது, அதான் நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க.

உக்காருங்க அத்தான். இந்தாங்க, தண்ணி. இதுல உங்க குத்தமும் இல்ல, அவ குத்தமும் இல்ல. உங்க ரத்தமும் எடுத்தாங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க?

அக்காவுக்கு எப்பத் தெரியும்னா கேக்கறீங்க? பாப்பா உசுரோட இருக்கும்போதே, டாக்டர் வந்து சொன்னார். நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன்னு அக்கா டாக்டர அனுப்பிட்டா. அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டா. தன்கிட்டேருந்தும் வந்துச்சுன்னு தெரிஞ்சா அவரு பொழைக்க மாட்டாருடி, என்னாலயேன்னு இருந்துட்டுப் போகட்டும்னா.