படியோடு ஏறிய லிஃப்ட்காரருக்கு

ஒரு மூச்சின் விலை என்ன? கடைவீதியில் யாரைக் கேட்டாலும் மதிப்பே போட முடியாது என்பார்கள். எங்கள் கட்டடத்தில் மட்டும் அதற்குக் கறார் விலை உண்டு: மூச்சுக்கு மூன்று படி. அந்த விலையை வைத்தவரே, முப்பத்தோராண்டு எங்களை ஏற்றியும் இறக்கியும் ஏற்ற இறக்கம் அறியாதவரே, பித்தளைக் கைப்பிடியின் பேரரசரே, கம்பிக்கதவின் காவலரே, லிஃப்ட் அண்ணனே, வணக்கம்.

காலம் தவறாமை, கனிவு, கைச்சுத்தம் என்னும் வழக்கமான புகழெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் இந்த வழியனுப்பு மடலில், கண்ணாடிச் சட்டத்துக்குள் நாங்கள் வைக்க விரும்புவது வேறொன்று. மூன்றாம் மாடிப் பொத்தான் கடைக்காரரின் பயத்துக்கு நீங்கள் வழித்துணையான கதை அது.

சென்ற ஆண்டு அவருடைய இதயம் தளர்ந்தது. நின்றுவிடவில்லை, இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துவிட்டது. கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. மருந்தில் வீக்கம் வடிந்தபின் டாக்டர் சொன்னார்: “தினமும் பத்து நிமிஷம் மெதுவா நடங்க. பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு அறுந்தா நின்னுடுங்க.”

“பத்து வேணாம் டாக்டர். நாலு வெச்சுக்கலாம்.”

“சரி, நாலு. ஆனா தினமும்.”

பேரம் இவ்வளவு சுலபமாகப் படிந்ததில் அவருக்குச் சந்தேகமே வந்தது. அந்த நாலையும் அவர் நடக்கவில்லை. அவருக்கு இதயம் என்பது கைமுதல்; செலவழித்தால் கரையும், அசைக்காமல் வைத்தால் நிலைக்கும். நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவார். எண்ண எண்ணத் துடிப்பு கூடும். கூடியதைக் கண்டு மேலும் பயப்படுவார்.

“ஏன் முதலாளி, நாற்காலிக்கு வாடகை கொடுக்கிறீங்களா? எழுந்திருக்கவே மனசு வரலியே?” என்று கேட்டு, அவரை நடைவழியில் முதலில் நடக்க வைத்தவர் நீங்கள். டாக்டர் அனுமதித்தபின் படிக்கட்டுக்கும் அழைத்து வந்தீர்கள். லிஃப்ட்டைச் சுற்றிச் சுழன்று ஏறும் படி அது. அவர் மூன்று படி ஏறுவார், நின்று மூச்சு வாங்குவார், பிறகு மூன்று. கம்பிக்கு அப்பால், கைப்பிடியை மயிரிழை மயிரிழையாய்த் திருப்பி, அவருடைய தோளுக்கு நேராக லிஃப்ட்டை ஏற்றிக்கொண்டே, “கோட்டுப் பொத்தான் டஜன் என்ன விலை?” என்பீர்கள். விலை முழுதாய் வந்தால் ஏறலாம். பாதியில் அறுந்தால் நிற்கவேண்டும். வியாபாரிக்கு இதைவிட நம்பகமான கருவி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது?

நாளுக்குப் பதினாறு படி வரை தேறினார். அங்கேதான் வியாபாரப் புத்தி வேலையைக் காட்டியது. ஒரு சனிக்கிழமை, அடுத்த இரண்டு நாளும் கட்டடம் பூட்டு. மூன்று நாள் தவணையையும் முன்கூட்டியே கட்டிவிடலாம் என்று, உங்களிடம்கூடச் சொல்லாமல், கிடுகிடுவென ஏறினார். நாற்பத்தெட்டாம் படியில் கால் மடிந்தது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே. லிஃப்ட் கதவு திறக்க முடியாத இடம்.

நீங்கள் கண்டீர்கள், நிறுத்தினீர்கள், கம்பிக்குள் விரல்விட்டு அவர் சட்டைக் கையைப் பிடித்தீர்கள். “படுக்காதீங்க, நிமிர்ந்து உக்காருங்க. பேச வேணாம். விலை சொல்ல வேணாம்.” நீங்கள் விலை வேண்டாம் என்றதில்தான் தம் நிலைமை அவருக்கு உறைத்தது. மேலே மணி அடித்துக்கொண்டே இருந்தது. “லிஃப்ட் என்ன தூங்குதா?” என்று மூன்றாம் மாடித் தையல்காரர் கத்தினார். “ஒரு நாற்காலியோட படி வழியா ஓடி வாங்க தையல்காரரே, ஓடி வாங்க” என்றீர்கள். அவரும் இன்னொருவரும் வந்து நாற்காலியில் தூக்கும்வரை அந்தச் சட்டைக் கையை நீங்கள் விடவில்லை; பிறகு லிஃப்ட்டை இறக்கி, இரண்டாம் மாடியில் அவரை ஏற்றிக்கொண்டீர்கள்.

“முன்பணம் கட்ட இது கடை வாடகையா? இன்னிக்கு உள்ளது இன்னிக்கு” என்று டாக்டர் கடிந்தார். மறுபடியும் மூன்று படியிலிருந்து. மாதங்கள் ஓடி நாற்பத்தேழை எட்டினார். அங்கே நிற்பார். அடுத்த படியைப் பார்ப்பார். பிறகு மூன்று படி இறங்கி, இரண்டாம் மாடியில் உங்கள் லிஃப்ட்டில் ஏறிக்கொள்வார். நீங்கள் ஒருநாளும் ஏனென்று கேட்டதில்லை.

நாளை முதல் நீங்கள் பணியில் இல்லை. அடுத்த மாதம் எஃகுக் கதவு போட்ட லிஃப்ட் வருகிறது. கம்பி இல்லை, கைப்பிடி இல்லை, அப்பால் ஓர் ஆளும் இல்லை. வாழ்நாளெல்லாம் பொத்தான் விற்றவர் பொத்தான் வைத்த லிஃப்ட்டை நினைத்துத் தூக்கம் கெடுகிறார். நேற்று உங்களிடம் கேட்டேவிட்டார்: “இனிமே யாருண்ணே விலை கேப்பாங்க?”

“நீங்களே சத்தமாச் சொல்லிக்கிட்டு ஏறுங்க. கடைக்காரங்க கட்டடம் இது. விலை சொன்னா காது தானா வரும்.”

வந்திருக்கின்றன அண்ணா, இத்தனை காதுகள். முறைவைத்து நாங்கள் கேட்போம். பயம் போய்விட்டதென்று பொய் சொல்லமாட்டோம். அவருக்கும் இருக்கிறது, எங்களுக்கும் இருக்கிறது. நீங்கள் நடந்து, சிரித்து, பேச்சு அறாமல் நெடுங்காலம் நலமாயிருங்கள்.

இப்படிக்கு,
மூன்று மாடிக் கடைக்காரர்களும் ஊழியர்களும்

கணக்கு:
மொத்தம் அறுபத்தாறு படி.
ஏறியது நாற்பத்தேழு.
பாக்கி பத்தொன்பது, முதல் தவணை, நாளைக் காலை, ஒரே ஒரு படி.